தென்காசி தந்த ஞானச் செல்வர் பீர் முஹம்மது அப்பா (ரஹ்)

 

பயன் தராத இல்மை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். ஓதியது வேறு, நடந்தது வேறு என்று ஆகிவிட்டால், ஓதிய ஓதலே நாளை மறுமையில் நமக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். பள்ளிக்குள் நாம் கேட்கும் மார்க்கம் நம் கடைக்கும் களத்திற்கும் அடுப்படிக்கும் வந்து சேர்கிறதா என்பதே இன்று நம் முன்னுள்ள கேள்வி. இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்ற ஒரு மேதை நம் பக்கத்து ஊரில் பிறந்தவர் என்பதை நம் இளைஞர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. எனவே, ஞானமாமேதை பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் சுருக்கமாகத் தருகிறோம்.

அப்பா அவர்கள் பிறந்தது தென்காசி. வாழ்ந்த காலம் பதினேழாம் நூற்றாண்டு. குலத்தொழில் நெசவு. தென்காசி வட்டாரத்தில் நெசவு முஸ்லிம்களின் பழம்பெரும் தொழில் என்பதற்குக் கடையநல்லூரே போதிய சாட்சி. இளமையிலேயே இறைதியானத்தில் நாட்டம் கொண்ட அப்பா அவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறித் தனித்திருந்து வணங்கினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கேரளத்தின் பீர்மேடு என்ற மலையூர் அவர்களது பெயராலேயே அவ்வாறு அழைக்கப்படுகிறது என்பதும் மரபு. நம் புளியறைக்கு மேலே நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலைத்தொடர் அதுவேயாகும்.

மலையிலிருந்து இறங்கிய அப்பா அவர்கள் இறுதியில் வந்து தங்கிய இடம் தக்கலை. அது அந்நாளைய வேணாட்டு அரசின் பத்மநாபபுரம் கோட்டையை அடுத்த ஊர். அஞ்சுவண்ணத்தார் எனப்படும் முஸ்லிம் நெசவாளர்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். அவர்களிடையே அப்பா அவர்களும் ஒரு நெசவாளராகவே வாழ்ந்தார்கள். நம் புளியறை அடங்கிய செங்கோட்டைப் பகுதியும், தக்கலை அடங்கிய கல்குளம் பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று ஒரே நாளில் தமிழகத்துடன் இணைந்தவை என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும்.

ஞானம் பெற்றவர்கள் தொழிலைத் துறந்து ஒதுங்கிவிடுவார்கள் என்று பலர் எண்ணுவர். அப்பா அவர்களோ தறியை விடவில்லை. தம் கையால் உழைத்து உண்டதே நபி தாவூத் (அலை) அவர்களின் வழக்கம் என்றும், அதைவிடச் சிறந்த உணவு இல்லை என்றும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இந்த ஹதீஸை நாம் பயானில் கேட்கிறோம். அப்பா அவர்கள் அதைத் தறிக்குழியில் அமர்ந்து நடைமுறைப்படுத்தினார்கள்.

நெசவு பொறுமையைக் கேட்கும் தொழில். பாவு ஓட்டி, கஞ்சியிட்டு, ஒவ்வோர் இழையாகப் பிணைத்து, நாடாவைக் கையால் எறிந்து நெய்ய வேண்டும். இழையைக் குறைத்து நெய்தாலும் கஞ்சியின் விறைப்பில் துணி செம்மையாகவே தோன்றும். முதல் வெளுப்பில்தான் அதன் குறை வெளிப்படும். அதற்குள் காசு கைமாறியிருக்கும். ஆகவே, பார்ப்பவர் இல்லாத இடத்தில் அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு நெசவாளருக்கு நாளெல்லாம் தேவைப்படுகிறது. இஹ்ஸான் என்று கிதாபுகளில் நாம் ஓதுவது இதைத்தான். ஜவுளி வணிகம் செய்த நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தம் கூட்டாளி குறையைச் சொல்லாமல் ஓர் ஆடையை விற்றுவிட்டார் என்றறிந்ததும், அதில் வந்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். நெய்தவருக்கும் விற்றவருக்கும் மார்க்கம் ஒன்றே.

அப்பா அவர்களின் இரண்டாவது பெருஞ்சேவை, மார்க்க ஞானத்தைத் தாய்மொழியில் தந்ததாகும். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞான ரத்தினக் குறவஞ்சி, பிஸ்மில் குறம், மஃரிபத்து மாலை, ஈடேற்ற மாலை எனப் பல நூல்களை அவர்கள் இயற்றினார்கள். அவர்கள் பாடியவை பதினெண்ணாயிரம் என்று மரபாகக் கூறுவர். அரபு அறியாத உழைப்பாளி மக்களுக்கு தவ்ஹீதையும் திக்ரையும் எவ்வாறு எட்டச் செய்வது என்று சிந்தித்த அவர்கள், குறம், குறவஞ்சி, களிப்பு, மாலை என மக்கள் ஏற்கெனவே பாடி வந்த வடிவங்களையே எடுத்துக்கொண்டார்கள். ஏடு படிக்கத் தெரியாதவரும் கேட்டு மனனம் செய்ய அது வழிவகுத்தது. இறைவனைப் போற்றும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஞானப்புகழ்ச்சி, இன்றும் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் இரவு முழுவதும் பாடப்பட்டு வருகிறது.

மூன்றாவதாக நாம் பெறவேண்டிய படிப்பினை, காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களோடு தொடர்புடையது. பீர் அப்பா அவர்கள் ஜும்ஆவுக்கு வருவதில்லை என்றொரு பேச்சு எழுந்ததாகவும், அது சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் செவிக்கு எட்டியதாகவும், அவர்கள் தக்கலைக்கே நேரில் சென்று விசாரித்ததாகவும் ஒரு செய்தி மக்களிடையே வழங்கி வருகிறது. தாம் தொழுகையை விட்டவர் அல்லர் என்பதை பீர் அப்பா அவர்கள் கராமத்தாக உணர்த்தினார்கள் என்றும், இருவரும் ஒருவரையொருவர் கண்ணியப்படுத்தினார்கள் என்றும் அச்செய்தி முடிகிறது.

இதைக் கொண்டு ஜும்ஆவில் எவருக்கும் சலுகை தேட இடமில்லை. பாங்கு ஒலித்ததும் வியாபாரத்தை விட்டு விரைந்து வருமாறும், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. ஷரீஅத்தை விட்டு ஹகீகத் இல்லை. நாம் கவனிக்க வேண்டியது, அந்த ஆலிம் பெருந்தகை நடந்துகொண்ட முறையை. ஒரு சகோதரரைப் பற்றிக் குறை கேள்விப்பட்டதும் அவர்கள் அதைத் திண்ணையில் பேசவில்லை, தீர்ப்பும் எழுதவில்லை. பயணம் செய்து வந்து, முகம் பார்த்துக் கேட்டார்கள். இவரோ கேள்வியைக் கண்டு சினம் கொள்ளவில்லை. புறம் பேசுதல் ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் எவர்? ஆயினும் ஒரு வீட்டாரைப் பற்றிய பேச்சு அவ்வீட்டாருக்கு மட்டும் கடைசியில்தானே தெரியவருகிறது! ஜமாஅத்துகள் பிளவுபடுவதற்கும் பங்காளிகள் சலாம் சொல்லாமல் கடந்து செல்வதற்கும் பெரும்பாலும் இதுவே தொடக்கமாகிறது.

பெருமக்களே! நம்மில் வயலில் பாடுபடுவோர் உள்ளனர். கடை வைத்திருப்போர், எல்லை கடந்து லாரி ஓட்டுவோர், அரபு நாடுகளில் உழைப்போர், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் சகோதரிகள் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஒரு தறி இருக்கிறது. அளவில் நிறைவு, சொன்ன நாளில் கடனை அடைத்தல், கூலியாளுக்கு உரிய கூலி, வாரிசுப் பங்கில் சகோதரியின் உரிமை ஆகியவையே அத்தறியின் இழைகள். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு கண்டித்தார்கள். நம் குவியலுக்குள் அக்கை நுழைந்தால் என்ன தென்படும் என்று ஒவ்வொருவரும் தனித்திருந்து சிந்திப்போமாக.

பீர் அப்பா அவர்களை நேசிப்பதாகக் கூறும் நாம், அவர்களுக்காக ஃபாத்திஹா ஓதுவதோடு நின்றுவிடலாகாது. இவ்வாண்டு நாம் அறிந்த ஒரு மார்க்கச் சட்டத்தையேனும் நம் தொழிலில் நடைமுறைக்குக் கொண்டு வருவோம். மனத்தாங்கலோடு இருக்கும் ஒரு சகோதரரின் வாசலுக்கேனும் நாமே நடந்து செல்வோம். அறிந்ததை அமல் செய்யவும், ஹலாலானதை உண்டு வாழவும், ஈமானோடு மரணிக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.