புற்றுநோயுடன் மைதானத்தில் நின்ற பள்ளிக்கூட வாத்தியார்! ஆசிய தங்கம் வாங்கித் தந்த ரஹீம்

காரிமங்கலம்:

நம்ம ஊர் பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வது வழக்கம். விளையாட்டுன்னா அவ்வளவு இளக்காரம். ஆனால் இந்திய கால்பந்துக்கு ஆசிய விளையாட்டில் 2 தங்கம் வாங்கித் தந்தவரே ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். பெயர் சையத் அப்துல் ரஹீம்.

2024-ல் அஜய் தேவ்கன் நடித்து வந்த ‘மைதான்’ இந்திப் படம் இவர் கதைதான். சினிமாவை விட நிஜம் இன்னும் சுவாரசியமானது.

1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடினார். உள்ளூர் கிளப்புகளோடு ஆட்டக்காரர் வாழ்க்கை முடிஞ்சு போச்சு. இந்தியாவுக்காக ஒரு மேட்ச் கூட ஆடியதில்லை. ஆனால் ஆட்டம் சொல்லிக்கொடுப்பதில் கில்லாடி.

பையன்களுக்கு எந்தக் கால் பலவீனமோ அந்தக் காலால் மட்டும் ஆட வேண்டும் என்று தனிப் போட்டி வைத்தார். பந்தை காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, உடனே பாஸ் கொடுக்கணும் என்று இன்னொரு போட்டி. இவர் பயிற்சி கொடுத்த ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருஷம் ரோவர்ஸ் கோப்பையை தூக்கியது.

1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வீழ்த்தி முதல் தங்கம். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று செம அடி. நம்மாட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. அடி வாங்கிய அதே ரஹீம் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணியை அரையிறுதி வரை கொண்டு போனார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா 3 கோல் அடித்து அசத்தினார். கடைசியில் 4-வது இடம்.

1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஒரு மேட்சில் கூட இறக்கவில்லை! கவுன்சிலர் சிபாரிசில் டீமுக்குள் வருகிற காலத்தில் இதை நம்புவது கஷ்டம்தான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ரஹீமுக்கு அப்போதே நுரையீரலில் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு தலையில் காயம், தையல் போட்டார்கள். வேறு யாராவது இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை முன்வரிசையில் கோல் அடிக்க இறக்கினார்!

வெளியில் வேறு பிரச்சினை. இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்கவில்லை. அதை இந்திய அதிகாரி ஜி.டி.சோந்தி எதிர்த்ததால் ஜகார்த்தா ஜனங்களுக்கு இந்தியா மேல் கடும் கோபம். செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டத்தில் மறுபடியும் தென்கொரியா. ஸ்டேடியம் முழுக்க இந்தியாவுக்கு எதிராக கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்தான் நமக்காக கை தட்டினார்கள் என்றால் பாருங்கள்!

கோல் கம்பத்தில் நின்றவர் ஆறடி தாண்டிய பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்தாலும் நம்ம ஆள். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் அணிக்கு ஆடியவர். அன்று காய்ச்சலில் இருந்து எழுந்து வந்திருந்தார்.

முதல் கோல் பி.கே.பானர்ஜி. அடுத்து தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங். கொரியா கடைசி நேரத்தில் ஒன்று திருப்பியது. 2-1. தங்கம்!

அதுதான் ரஹீமின் கடைசி பெரிய போட்டி. 1963 ஜூன் 11-ந் தேதி இறந்து போனார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது வந்ததே 1985-ல்தான்.

ரோமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகன் ஹக்கீம் பின்னாளில் சர்வதேச நடுவர் ஆனார். 2021-ல் காலமானார். ஜகார்த்தாவுக்குப் பிறகு ஆசிய விளையாட்டு கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.