கடல் கடந்த வணிகர் நாராயண பிள்ளை

வடலூருக்கு வடகிழக்கே உள்ள கடலூரிலிருந்தும், சோழநாட்டு நாகப்பட்டினத்திலிருந்தும் மரக்கலமேறிக் கீழ்த்திசை நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்ற தமிழர் பலர். அவர்களுட் சிங்கப்பூரிற் குடியேறியவர்க்கு வழிகாட்டியாய் விளங்கியவர் நாராயண பிள்ளை ஆவார்.

இவர் பினாங்குத் தீவில் வாழ்ந்து வந்தவர். 1819ஆம் ஆண்டில் இராபிள்ஸ் என்னும் ஆங்கிலேயர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருட்டுச் சிங்கப்பூரில் ஒரு வணிகத் துறைமுகத்தை நிறுவினார். அவ்வாண்டு மே திங்களில் அவர் மீண்டும் அங்குச் சென்றபோது, நாராயண பிள்ளையும் உடன் சென்றார். புதிய ஊரில் வீடுகள் பல எழவேண்டும் என்பதைப் பிள்ளையவர்கள் உணர்ந்தார். பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வருவித்தார், செங்கற்சூளை அமைத்தார். சிங்கப்பூரிற் கட்டடத் தொழிலை முதன்முதல் மேற்கொண்ட இந்தியர் இவரே என்பர். பின்னர்க் கிராஸ் தெருவிற் பருத்தித் துணிக்கடை ஒன்றையும் தொடங்கினார்.

செல்வம் ஓரிடத்தே நிலைப்பதன்று. 1822இல் அக்கடை தீப்பற்றி எரிந்தது. செங்கல்லைச் சுட்டுச் செல்வம் தந்த தீயே, துணிகளைச் சுட்டு அச்செல்வத்தைக் கவர்ந்தது. சரக்கெல்லாம் சாம்பலாயின, கடன் மட்டும் எஞ்சி நின்றது. இத்தகைய நிலையில் ஊரைவிட்டு மறைதல் எளிது. பிள்ளையவர்கள் அது செய்திலர். அவ்வாண்டின் பிற்பகுதியிற் சிங்கப்பூருக்கு மீண்ட இராபிள்ஸிடம் தம் நிலையைக் கூறி உதவி வேண்டினார். வணிகச் சதுக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே தொழிலை மீண்டும் தொடங்கி, இழந்த வளத்தை மீட்டார்.

தாம் வாழ்ந்தாற் போதும் என்று அவர் எண்ணினாரல்லர். தம்மவர் வழிபடக் கோயில் ஒன்று வேண்டும் என விழைந்தார். அதற்கும் இடையூறுகள் பல நேர்ந்தன. முதலில் ஒதுக்கப்பட்ட தெலுக் ஆயர் தெருவில், வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் இல்லை. அடுத்துக் கால்வாயோரத்திற் கிடைத்த இடத்திற்கு 1822ஆம் ஆண்டின் நகரமைப்புத் திட்டம் தடையாயிற்று. முயற்சியைக் கைவிடாமையால், 1823இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் கீற்றாலும் எளிய கோயில் ஒன்று எழுந்தது. அதுவே சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலாகிய மாரியம்மன் கோயில். புதிதாய் வந்திறங்கிய தமிழர்க்கு, வேலை கிடைக்கும்வரை அக்கோயில் தங்குமிடமாகவும் உதவியது. அந்நாட்டரசு 1973இல் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 2019இல், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நாராயண பிள்ளைக்குச் சிலையும் நிறுவப்பெற்றது.

அவர் நெய்த்துணி விற்ற கடை எரிந்தொழிந்தது. பிறர்க்கென எழுப்பிய கோயிலோ இன்றும் நிலைத்துள்ளது. பொருளை இழந்தவன் அதனை மீண்டும் ஈட்டலாம். ஊக்கத்தை இழந்தவனுக்கு எப்பொருளும் இல்லை. இவ்வுண்மையை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.