இராமலிங்க அடிகளும் அவர்தம் அன்பரும்

பெரியோருடைய வரலாற்றை உரைக்கப் புகுவோர் அவர்தம் நூல்களையும் அருஞ்செயல்களையும் விரித்துரைப்பது வழக்கம். அவர்களுக்கு மறைவாக அன்னமிட்டவரையும், அவர்கள் பொருட்டு உணவைச் சுருக்கியவரையும் நாம் நினைப்பதில்லை. வடலூர் இராமலிங்க அடிகளின் வரலாற்றில் இவ்விரு திறத்தாரும் உளர்.

அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் இளைய மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையார் இறந்தமையின், குடும்பம் சென்னைக்கு வந்து ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறிற்று. மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராண விரிவுரை நிகழ்த்தி அக்குடும்பத்தைத் தாங்கினார்.

தம்பி கற்றோர் அவையில் சிறக்க வேண்டுமென்பது தமையனாரின் பெருவிருப்பம். தம்பியோ பள்ளியை விடுத்துக் கந்தகோட்டத்தில் பாடித் திரிந்தார். வெகுண்ட தமையனார், அவருக்கு வீட்டில் அன்னமிடலாகாதென்று தம் மனைவியார் பாப்பாத்தி அம்மையாருக்குக் கட்டளையிட்டார். கணவர் சொல்லைக் கடத்தலும் ஆகாது. பிள்ளைபோல் வளர்ந்த கொழுந்தன் பசித்திருக்கக் காண்டலும் ஆகாது. ஆதலின், கணவர் இல்லாத வேளையில் அம்மையார் மறைவாகச் சோறிட்டு வந்தார். வீட்டில் திதி நிகழ்ந்த ஒரு நாள், உறவினர் யாவரும் உண்டு சென்றபின் வந்து நின்ற இளைஞருக்கு இலையிட்டபோது, அம்மையாருக்குக் கண்ணீர் பெருகிற்று. தமையனாரின் கண்டிப்பு செய்யமாட்டாததை அக்கண்ணீர் செய்தது. வீட்டிலேயே தங்கிப் படிப்பதாக அவர் இசைந்தார்.

பின்னொரு நாள் தமையனார் நோயுற்றமையால், சோமு செட்டியார் இல்லத்து விரிவுரைக்குத் தம்பியே சென்றார். அவர் பெரியபுராணப் பொருளை விரித்த திறங்கண்டு அவையோர் வியந்தனர். தம்பி யாரென்பதைத் தமையனார் அன்றே உணர்ந்தார்.

ஏழுகிணற்றிலிருந்து ஏறத்தாழ 5 மைல் தொலைவிலுள்ள திருவொற்றியூருக்கு அடிகள் நெடுங்காலம் நடந்து சென்று தியாகேசரையும் வடிவுடையம்மையையும் வழிபட்டார். ஓரிரவு நேரங்கழித்துத் திரும்பியவர், கதவு தாழிட்டிருந்தமையால் பசியோடு திண்ணையிற் படுத்தாராம். வடிவுடையம்மையே அண்ணியார் வடிவில் வந்து அன்னமளித்தாரென்பது வழிவழி வரும் செய்தி. அன்னை வருவதற்கு அண்ணியாரின் வடிவினும் ஏற்ற வடிவம் வேறு யாது?

அடிகள் 1858-ஆம் ஆண்டிற் சென்னையை விட்டுக் கருங்குழி சேர்ந்தார். சென்னையிலிருந்த நண்பர்கள் அவரை மறந்தாரல்லர். பாடல்களை அச்சேற்ற விழைந்த இறுக்கம் இரத்தின முதலியார், அவை கைக்கு வருமளவும் நாளொன்றுக்கு ஒருபொழுதே உண்பதென விரதம் பூண்டார். இதனையறிந்து வருந்திய அடிகள், பாடல்களை அனுப்ப இசைந்து, விரதத்தை விடும்படி கடிதம் எழுதினார். புகழை வேண்டாத நெஞ்சம் நண்பரின் பசியைப் பொறுக்கவில்லை.

தம்மை இராமலிங்கசாமியென வழங்குதல் ஆரவாரமாகுமென்று அடிகள் மறுத்திருந்தார். எனினும் மாணவராகிய தொழுவூர் வேலாயுத முதலியார், 1867-ஆம் ஆண்டு வெளிவந்த நூலுக்குத் திருவருட்பா என்றும், ஆசிரியருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்றும் பெயரிட்டார். அப்பெயர்கள் காரணமாக ஆறுமுக நாவலர் முதலானோரின் எதிர்ப்பு எழுந்தது. அன்பர் அன்பினாற் செய்தது அடிகளுக்கு இடராயிற்று. ஆயினும் அவர் அவ்வன்பரை விலக்கினாரல்லர்.

அவ்வாண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு அணையாது இன்றளவும் எரிகின்றது. 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் அடிகள் மேட்டுக்குப்பத்து அறையுட் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார்.

மாணவ நண்பர்காள்! இளமையில் மறைவாக உண்ட சோற்றை மறவாதவர், சாதி சமயம் பாராது யாவர்க்கும் வெளிப்படையாகச் சோறிட்டார். நமக்கும் இத்தகைய அண்ணியரும் நண்பரும் உண்டு. அவர்களை அறிந்து போற்றுவதே இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாம்.