இலக்கைக் காத்த தங்கராஜ்

நம் பங்கின் இளைஞர்கள் மாலை வேளைகளில் பந்தாடும்போது, கோல் கீப்பராக நிற்க எவரும் எளிதில் முன்வருவதில்லை என்பதை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். கோல் அடிப்பவனுக்கே கைதட்டல், விட்டவனுக்கோ வசவு. அவ்விடத்தில் நின்றே ஆசியா முழுவதும் புகழ்பெற்ற ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். அவரே பீட்டர் தங்கராஜ்.

1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த அவர், 1953-இல் இராணுவத்தில் சேர்ந்தார். முதலில் கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டாகவே ஆடினார். பின்னரே இலக்கைக் காக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் நீண்ட கரங்களும் அங்கே பெரிதும் பயன்பட்டன. நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டியூரண்ட் கோப்பையை வென்றபோது, அதன் அரணாய் நின்றவர் அவரே. 1960-இல் சர்வீசஸ் அணிக்குத் தலைமையேற்று சந்தோஷ் கோப்பையையும் பெற்றுத் தந்தார்.

நமது நிலக்கரி நிறுவனம் தோன்றிய 1956-ஆம் ஆண்டிலேதான் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா கால்பந்தில் நான்காம் இடம் பெற்றது. அவ்வணியில் தங்கராஜ் இருந்தார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

எனினும் அவர் வாழ்வின் பெருநாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம்; எதிரணி தென்கொரியா. தங்கராஜ் காய்ச்சலால் தளர்ந்திருந்தார். முந்திய அரையிறுதியில் அவருக்குப் பதிலாக நின்று அணியைக் கரைசேர்த்தவர் வங்காளத்தின் பிரத்யுத் பர்மன். ஆனால் உயரப் பந்துகளைத் தடுக்க நெடியவர் தேவை எனக் கருதிய பயிற்சியாளர் ரஹீம், தங்கராஜையே அழைத்தார். அரசியல் மனத்தாங்கலால் அரங்கமே இந்தியருக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே.பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னெயில் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். கொரியர் ஒன்றே அடித்தனர். 2-1 என்ற கணக்கில் தங்கப் பதக்கம் நமதாயிற்று. அதற்குப் பின் அப்பதக்கம் இன்றுவரை நமக்குக் கிட்டவில்லை.

அவ்வெற்றியில் நோயோடு களமிறங்கியவருக்கும், இடத்தை விட்டுக்கொடுத்தவருக்கும் சமபங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம். இரண்டாமவரின் தியாகம் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை.

கல்கத்தாவின் பெருங்கழகங்களில் ஆடி, 1967-இல் அர்ஜுனா விருது பெற்ற தங்கராஜ், 1971-இல் ஆட்டத்தினின்று ஓய்ந்தார். பின்னாளில் நம் நெய்வேலியைப் போன்றே பொதுத்துறையால் எழுந்த பொக்காரோ உருக்காலை நகரில் வாழ்ந்து, 2008 நவம்பர் 24-இல் அங்கேயே காலமானார்.

ஊர் உறங்க, இரவு ஷிப்டில் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் விழித்திருப்போர் நம் பங்கில் பலர். விளக்கு எரியும்வரை அவர்களை எவரும் நினைப்பதில்லை. அணைந்தால் மட்டுமே கேட்பர். கோல் கீப்பரின் நிலையும் அதுவே. ஆகவே, அன்புக்குரிய இளைஞர்களே, அடுத்த ஆட்டத்தில் அவ்விடம் உங்களுக்கு வாய்த்தால் முகம் சுளிக்காமல் நில்லுங்கள். நிற்பவனுக்கும் ஒருமுறை கைதட்டுங்கள்.