உபகாரச் சம்பளத்தில் படித்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் அவர்களைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும் அவர் பெற்ற பட்டங்களை அடுக்கிச் சொல்வது வழக்கம். பள்ளி விழாக்களில் நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே பேசி வந்துள்ளோம். அதனால் ஒரு தீங்கும் விளைந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்தும், கல்வராயன் மலைமேல் இன்னாடு, சேராப்பட்டு முதலிய ஊர்களிலிருந்தும் வந்து படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நடுத்தரமாகத் தேறும் பிள்ளைகள், உதவித்தொகை என்பது முதல் மாணவனுக்கும் ஓட்டப் பந்தய வீரனுக்கும் உரியது என்று எண்ணித் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போய்விடுகின்றனர். அம்பேத்கர் பிறவி மேதை, தாம் அவ்வாறு அல்லர் என்பது அவர்கள் முடிவு. ஆகவே, இவ்வெள்ளி விழா மலரில் அவருடைய படிப்புக்குப் பணம் வந்த வழியை மட்டும் எடுத்துக் கூற விழைகின்றோம்.

அண்ணல் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மௌ பாசறையில், சுபேதார் ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது மகவாகப் பிறந்தார். சாத்தாராவில் பள்ளி சென்றபோது சாக்கு விரித்துத் தனியே அமர்ந்ததும், பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் அருந்த இயலாதிருந்ததும் நம் வாசகர் அறிந்தவையே. பின்னர்க் குடும்பம் பம்பாயில் பரேல் பகுதியில் ஓர் ஒற்றை அறையில் குடியேறியது. அவ்வறையே சமையலறை, அதுவே படிப்பறை. தந்தையார் பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க விடுவார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் பணம் இல்லாதபோது, மணமாகிப் போன மகளின் வீட்டுக்குச் சென்று நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார். அண்ணல் பெற்ற முதல் உபகாரச் சம்பளம் அந்த நகையே என்பது நம் கருத்து.

1907ஆம் ஆண்டு எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பெற்ற மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு முப்பத்தெட்டும் ஆகவில்லை. இந்த எண்ணை நாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுண்டு. எழுதியவுடன் கடைசி வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர்! வடமொழி படிக்க விரும்பியும் தீண்டத்தகாதவர் என்பதால் அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்த மாணவர் அவர். அம்மதிப்பெண்ணை அந்நிலையோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

அவர் தேறியதைப் பாராட்டி ஒரு கூட்டம் நடந்தது. அதில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். வில்சன் உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த இப்பெரியவர், சர்னி சாலைப் பூங்காவில் மாலைதோறும் தனியே அமர்ந்து படிக்கும் சிறுவனைக் கண்டு, அழைத்துப் பேசிப் பழகியவர். தம் பள்ளி மாணவனும் அல்லன், தம் சாதியும் அல்லன். ஆயினும், இன்டர்மீடியட் முடிந்தபின் தந்தையால் மேலே படிக்க வைக்க இயலாது என்பதை அறிந்ததும், தீண்டத்தகாத வகுப்பு மாணவருக்கு உதவத் தயார் என்று பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் முன்னரே அறிவித்திருந்ததை நினைவிற் கொண்டு, இளைஞரை மன்னரிடம் நேரில் அழைத்துச் சென்றார். மன்னர் சில வினாக்கள் கேட்டார்; விடைகள் மனநிறைவு அளித்தன; மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. உதவி என்று அறிவிக்கப்பட்ட ஒன்றையும், அது வேண்டிய ஒரு பிள்ளையையும் ஓர் ஆசிரியர் சேர்த்து வைத்தார். தலைமையாசிரியர் பணியில் இருக்கும் நாம் இப்பகுதியைப் படிக்குந்தோறும் நாணுகிறோம். நம் கையிலிருந்து எத்தனை பேர் இவ்வாறு நழுவினரோ!

பட்டம் பெற்று 1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாள்களில், தந்தை நோயுற்றார் என்று தந்தி வந்தது. திரும்பும் வழியில் தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத்தில் இறங்கியவர் வண்டியைத் தவறவிட்டார். வீடு சேர்ந்தபோது தந்தையார் இறுதி நிலையில் இருந்தார். பிப்ரவரி 2ஆம் நாள் மறைந்தார்.

அவ்வேளை சில மாணவரை அமெரிக்காவுக்கு அனுப்ப மன்னர் எண்ணியிருந்தார். அண்ணல் மனுச் செய்தார். ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்றாண்டுகள் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவி. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குப் பணி. ஜூலையில் நியூயார்க் சேர்ந்து, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், நான்காண்டுகளுக்குள் திரும்பிவரும் அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு 1917இல் பாதியிலேயே நாடு திரும்ப நேர்ந்தது.

ஒப்பந்தப்படி பரோடா சென்றவருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் தம்மை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள், தடியேந்திய பார்சியர் கூட்டம் வந்து வெளியேற்றியது. பூங்காவில் அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். உதவித்தொகை அவரைக் கடல் கடக்க வைத்தது; அதைத் தந்த அரசின் தலைநகரில் ஓர் அறை பெற்றுத் தர அதனால் இயலவில்லை.

பின்னர் சைடன்ஹாம் கல்லூரியில் 450 ரூபாய் சம்பளத்தில் பேராசிரியராகிச் சிக்கனமாய்ச் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். அவரும் ஒரு பார்சியே என்பதைக் குறிக்காமல் விடுதல் நேர்மையன்று. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, அரைவயிற்று உணவோடு நூலகத்தில் அமர்ந்து படித்து, பாரிஸ்டராகத் திரும்பினார்; 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். சேமிப்பு, கொடை, கடன் என்று மூன்று வழியாகப் பணம் வந்தது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினரானபோது அவர் இதை மறக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் நம் மக்களின் குறைகளை விரிவான மனுவாக அளித்தார். காசி இந்துப் பல்கலைக் கழகத்துக்கும் அலிகாருக்கும் மும்மூன்று இலட்சம் வழங்கும் அரசு, நமக்கு அவ்வளவேனும் வழங்க வேண்டாமா என்று வாதாடி, மூன்று இலட்சம் ரூபாய் பெற்றார். 1944-45இல் பட்டியல் சாதி மாணவர்க்கு மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகை தொடங்கியது. பரோடாவில் மன்னர் மனம் வைத்ததால் கிடைத்தது, இப்போது மனுச் செய்தால் கிடைக்கும் உரிமையாக மாறியது. கேளுஸ்கர் போன்ற ஒருவர் வாய்க்கப்பெறாத பிள்ளைக்கும் வழி பிறந்தது.

1948-49இல் இது பழங்குடி மாணவர்க்கும் விரிந்தது. ஆயினும், கல்வராயன் மலையின் ஜாகீர்கள் ஒழிந்தது 1976இல்தான். பள்ளியிறுதி முடித்தவர்க்கு உரிய தொகை, பள்ளியே எட்டாத மலைப் பிள்ளைக்கு எவ்வாறு எட்டும்? இன்று பள்ளிகள் உள்ளன. ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தில் பிறந்து கல்லூரியில் சேர்ந்தவர்க்கு இத்தொகை உண்டு. இத்தனை மதிப்பெண் வேண்டும் என்ற எல்லை இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. இவற்றிலும் முதல் மாணவன், கடைசி மாணவன் என்ற பேதம் கிடையாது.

பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் சான்றிதழ்களில்தான். சாதிச் சான்றிதழ் பட்டியல் சாதியினர்க்கு வட்டாட்சியரும், மலையாளிப் பழங்குடியினர்க்குக் கோட்டாட்சியரும் அளிப்பது. பின்னதற்குக் காலம் பிடிக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே மனுச் செய்துவிடுதல் நலம். வருமானச் சான்று, ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவையும் முன்கூட்டியே வேண்டும். மனு எழுதத் தெரியாதவர் தேர்வு முடிவு வந்த மறுநாள் மாலையே, மதிப்பெண் பட்டியல் எப்படி இருப்பினும், அதை எடுத்துக்கொண்டு நமது சங்கக் கட்டடத்துக்கு வரலாம். எழுதித் தர நாங்கள் அங்கே இருப்போம்.