நாலு அவுன்ஸ் குண்டும் ஒரு தோள்பட்டையும்

குறி வைத்தது யானைக்கு. ஆனால் முதலில் கீழே விழுந்தது சுட்டவர்தான்.

ட்ரிக்கரை அழுத்தியதும் அவர் கால் தரையை விட்டுக் கிளம்பியது. அந்தரத்திலேயே ஒரு சுற்று சுற்றி, முகம் மண்ணில் மோத விழுந்தார். துப்பாக்கி அவர் தோளைத் தாண்டி பின்னால் பறந்து போய்க் கிடந்தது. போகிற போக்கில் அதன் கட்டை வலது கன்ன எலும்புக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. முகமெல்லாம் ரத்தம். வலது கையைத் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் யானைத் துப்பாக்கியின் கட்டை மேல் யானைக் காதின் உள்தோலைப் பச்சையாகவே சுற்றி விடுவார்கள். காய்ந்ததும் இரும்புப் பட்டை போட்ட மாதிரி இறுகிக்கொள்ளும். அப்படிச் சுற்றிய கட்டையே துண்டு துண்டாகப் போயிருந்தது.

என்ன நடந்தது? ஏற்கெனவே மருந்தும் குண்டும் போட்டு வைத்த துப்பாக்கியில், வேட்டை அவசரத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு முறை மருந்தும் குண்டும் போய்விட்டன. டபுள் லோடு. குழல் வெடிக்காமல் போனதுதான் அதிசயம்.

சுட்டவர் பெயர் ஃபிரெட்ரிக் கோர்ட்னி செலூஸ். ரைடர் ஹாகார்டின் ஆலன் குவாட்டர்மெயின் என்ற கதாபாத்திரத்துக்கு முன்மாதிரி இவர்தான் என்று பலரும் சொல்வார்கள். தான்சானியாவில் ஒரு பெரிய வனவிலங்குக் காப்பகமே இவர் பெயரில் இருக்கிறது. இவரைப் பற்றி எழுத ஆயிரம் விஷயம் உண்டு. நான் எழுத வந்தது அவருடைய வலது தோளைப் பற்றி. மெக்கானிக்ஸ் பேப்பரில் உந்த அழிவின்மை விதியை மார்க்குக்காக மட்டும் படித்தவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இவர் கதையைப் படித்தால் அந்த விதி மேல கொஞ்சம் மரியாதை வரும்.

1851 டிசம்பர் 31, லண்டனில் பிறந்தார். அப்பா லண்டன் பங்குச் சந்தையில் பெரிய ஆள். வசதியான வீடு. ஆனால் பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆப்பிரிக்கா பைத்தியம். ஹாஸ்டலில் ஒரு நாள் ராத்திரி தலைமை ஆசிரியர் ரவுண்ட்ஸ் வந்தபோது, கட்டிலை விட்டுவிட்டு வெறும் தரையில் படுத்திருந்தானாம். ஆப்பிரிக்காவில் தரையில்தானே தூங்கணும், அதுக்கு இப்பவே பழகுறேன் என்று விளக்கம். 1867 ஜனவரியில் ரீஜெண்ட்ஸ் பார்க் ஏரியின் பனிக்கட்டி உடைந்து, ஸ்கேட்டிங் போனவர்களில் 40 பேர் செத்தார்கள். பதினைந்து வயது செலூஸ் அங்கே இருந்தான். உடைந்த பனித் துண்டுகள் மேல் தவழ்ந்தே கரைக்கு வந்து தப்பினான்.

1871 செப்டம்பரில், பத்தொன்பது வயதில், 400 பவுண்டு பணத்தோடு தென்னாப்பிரிக்காவில் இறங்கினார். கூடவே நல்ல இரட்டைக் குழல் ரைஃபிள் ஒன்று இருந்தது. வைரச் சுரங்கப் பகுதியில் யாரோ அதைத் திருடிவிட்டார்கள். அவர் தோளின் தலைவிதி அங்கே எழுதப்பட்டது என்பது என் கருத்து. மீதி இருந்த காசுக்கு அவர் வாங்கியது, பர்மிங்ஹாமில் ஹாலிஸ் கம்பெனி செய்த ரெண்டு நாலு-போர் துப்பாக்கிகள். வாய் வழியாக மருந்து இடிக்கிற வகை. உண்மையில் அவை வாத்து சுடுவதற்காகச் செய்தவை. ஒன்று ஆறு பவுண்டு. மலிவு. நம்ம பசங்க செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குற லாஜிக்தான், பின்னால் வரும் செலவு அப்போது கண்ணுக்குத் தெரியாது.

நாலு-போர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான நாலு உருண்டையாக உருட்டினால், ஒரு உருண்டை எந்த விட்டத்தில் வருமோ அதுதான் குழலின் விட்டம். கிட்டத்தட்ட 26.7 மில்லிமீட்டர். ஒரு குண்டு நாலு அவுன்ஸ், அதாவது 113 கிராம். கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான எடையில் ஒரு ஈய உருண்டையைத் தோளில் வைத்து அனுப்புகிறார் மனுஷன்.

மருந்து அளவைக் கேட்டால் நம்ம லேப் அசிஸ்டெண்ட் மயங்கி விழுவார். இடுப்பில் ஒரு தோல் பை. அதில் கருமருந்து. கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குழலில் போடுவார். ஸ்பெக் அவ்வளவுதான், ஒரு பிடி. ஓடிக்கொண்டே அள்ளும்போது அந்தப் பிடி பெரிதாகவும் இருக்கும், சின்னதாகவும் இருக்கும்.

ஏன் ஓடணும்? யானைகள் ட்செட்சி ஈ இருக்கும் காடுகளுக்குள் ஒதுங்கிவிட்டன. அந்த ஈ கடித்தால் குதிரை பிழைக்காது. அதனால் நடராஜா சர்வீஸ்தான். தொப்பி, ஒரு முரட்டுச் சட்டை, தோல் செருப்பு மாதிரி ஒரு ஷூ. கால்சட்டை கிடையாது. கூடவே இருபது குண்டு, அதுவே ரெண்டேகால் கிலோ. இப்படி மைல் கணக்கில் ஓடி, மூச்சு வாங்க நின்று, சுட வேண்டும்.

மடபெலே மன்னர் லோபெங்குலாவிடம் 1872-ல் வேட்டைக்கு அனுமதி கேட்கப் போனபோது, மன்னர் இவரைப் பார்த்துச் சிரித்தாராம். மீசை முளைக்காத பையன், சின்ன மான் சுட வந்திருப்பான் என்று நினைத்திருக்கிறார். போய்க்கோ என்று விட்டுவிட்டார். அடுத்த மூன்று வருஷத்தில் அந்தப் பையன் அந்த ரெண்டு வாத்துத் துப்பாக்கிகளால் 78 யானைகளைச் சுட்டுத் தள்ளினான். ஐரோப்பாவில் பியானோ கட்டைக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் தந்தம் தேவைப்பட்ட காலம். இந்த எண்ணிக்கையை இன்று படிக்கும்போது எனக்குப் பெருமையாக எதுவும் தோன்றவில்லை. பத்து வருஷத்துக்குள் அந்தப் பக்கம் யானையே அரிதாகிவிட்டது என்று செலூஸே வருத்தப்பட்டு எழுதினார். அரிதாக்கியவர்களில் அவரும் ஒருத்தர்.

சரி, கணக்குக்கு வருவோம். துப்பாக்கி எடை சுமார் 5.7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் வேகம் நொடிக்கு 400 மீட்டர், மருந்து 28 கிராம், இது என் தோராயம். குண்டின் உந்தம் 0.113 × 400, ஏறக்குறைய 45. குழல் வாயிலிருந்து சீறும் வாயுவுக்கு இன்னொரு 17. மொத்தம் 62. துப்பாக்கியும் அதே 62-ஓடு பின்னால் வந்தாகணும், நியூட்டன் விடமாட்டார். 62-ஐ 5.7-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 10.9 மீட்டர். இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 340 ஜூல். இரண்டு மாடி உயரத்திலிருந்து ஐந்தேமுக்கால் கிலோ கட்டை ஒன்று நேராகத் தோளில் விழுந்தால் இந்த ஆற்றல்தான்.

ஒப்பிட, போலீஸ் ஸ்டேஷனில் நாம் பார்த்த பழைய .303 ரைஃபிளுக்கு இது 16 ஜூல் அளவில் வரும். இருபது மடங்கு வித்தியாசம். என்.சி.சி. கேம்ப்பில் .22 சுட்டுவிட்டு தோள் வலிக்குதுன்னு ஸ்டேட்டஸ் போட்ட நான் இதை எழுதும்போதே கூச்சப்படுகிறேன்.

இப்போ அந்த டபுள் லோடு. குண்டும் ரெண்டு, மருந்தும் ரெண்டு பங்கு. உந்தம் இரட்டிப்பு என்றே வைத்துக்கொண்டாலும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் நாலு மடங்கு. 1,300 ஜூலுக்கு மேல். ரெண்டு மாடி எட்டு மாடியாகிவிட்டது. மனுஷன் பறந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கு?

ஆற்றல் மட்டும் முழுக் கதை இல்லை. அந்த உந்தம் எவ்வளவு நேரத்தில் உடம்புக்குள் வருகிறது என்பதும் முக்கியம். கட்டையைத் தோள் குழியில் இறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்து நின்றால், துப்பாக்கியும் ஆளும் சேர்ந்து பின்னால் போவார்கள். நேரம் நீளும், விசை குறையும். ஓடி வந்த மூச்சிரைப்பில் கட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டாலும் போச்சு. துப்பாக்கி தனியாக வேகம் எடுத்து வந்து சுத்தியல் மாதிரி அடிக்கும். அடி விழும் இடமும் மோசமான இடம். காறை எலும்பு அங்கே இருக்கிறது, அதன் கீழேதான் கைக்குப் போகும் நரம்புக் கட்டு ஓடுகிறது. ரப்பர் பேட் எல்லாம் அந்த வாத்துத் துப்பாக்கியில் எங்கே இருந்தது?

தோள் வீக்கம் வடிந்துவிடும். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ரெண்டு வாரத்தில் போய்விடும். செலூஸுக்குப் போகாதது வேறு ஒன்று. அந்தத் துப்பாக்கிகள் கொடுத்த அடி தன் நரம்பையே பாதித்துவிட்டது, அதற்குப் பிறகு தன் குறியே பழையபடி இல்லை, அவற்றைத் தொட்டதற்கே வருந்துகிறேன் என்ற பொருளில் 1881-ல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஊரே கொண்டாடும் வேட்டைக்காரர், முதல் புத்தகத்திலேயே என் குறி கெட்டுப்போச்சு என்று ஒத்துக்கொள்கிறார். எனக்கு அவரிடம் பிடித்த இடம் இதுதான்.

நரம்பு என்று அவர் சொன்னது நியூராலஜி ரிப்போர்ட் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் நிதானம், கை உறுதி எல்லாவற்றையும் சேர்த்து அப்படித்தான் சொல்வார்கள். துப்பாக்கி சுடுபவர்கள் இன்று இதற்கு ஃப்ளிஞ்ச் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடி வரப்போகுது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ட்ரிக்கர் அழுந்துவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் முனை கீழே இறங்கும். ஆளுக்குத் தெரியவே தெரியாது, வெடிச் சத்தம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கோச்சுகள் ஒரு தந்திரம் செய்வார்கள். சொல்லாமல் ஒரு டம்மி தோட்டாவை நடுவில் போட்டு வைப்பார்கள். டிக் என்று சத்தம் மட்டும் வரும், ஆனால் குழல் மட்டும் நன்றாகத் தலை குனியும். பார்க்கிறவன் சிரிப்பான், சுட்டவன் முகம் தொங்கிப்போகும். பயம் இல்லாதவனுக்கும் இது வரும். யானை எதிரே நின்று சுட்ட ஆளைக் கோழை என்று யார் சொல்ல முடியும்? மூளைக்கு வீரம் தெரிந்தாலும் தோளுக்குத் தெரிந்தது கட்டை அடிப்பது மட்டும்தான்.

பிறகு அவர் சின்ன விட்டத்துக்கு மாறினார். பிரிஸ்டலைச் சேர்ந்த கிப்ஸ் கம்பெனியின் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள், பின்பக்கம் திறந்து லோடு செய்கிற வகை, அவருக்குப் பிடித்தமானவை ஆயின. 1880-களில் புகையில்லா மருந்து வந்ததும் முழு ஆட்டமே மாறியது. அடுத்த தலைமுறையில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யானை மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டு, 7 மில்லிமீட்டர் ரைஃபிளோடு காட்டுக்குள் போனார். குண்டு எடை சுமார் 11 கிராம். செலூஸின் குண்டில் பத்தில் ஒரு பங்கு. அதை வைத்தே நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார். யானைகளுக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை, தோளுக்கு மட்டும்தான்.

மீதி வாழ்க்கையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1890-ல் செசில் ரோட்ஸின் கம்பெனிப் படை மஷோனாலாந்துக்குள் நுழைந்தபோது காட்டு வழி காட்டியவர் செலூஸ். சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்த அதே லோபெங்குலாவின் எல்லையைச் சுற்றிக்கொண்டு போன பாதை அது. மூன்று வருஷத்தில் போர் வந்தது, மன்னர் நாட்டை இழந்து தப்பி ஓடி 1894-ல் இறந்தார். செலூஸும் அந்தப் போரில் மன்னருக்கு எதிரணியில் நின்று காயம்பட்டார். இவர் பெருமை பாடும் புத்தகங்கள் இதை ஒரு சாகசமாகத் தாண்டிப்போவது எனக்கு உறுத்துகிறது.

1894-ல் கல்யாணம். இங்கிலாந்தில் வீடு, பறவை முட்டை சேகரிப்பு, ஊர் ஊராகப் பேச்சு. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா போனபோது திட்டம் போட்டுக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். முதல் உலகப் போர் வந்ததும், அறுபது தாண்டிய மனுஷன் என்னையும் சேர்த்துக்கோ என்று போய் நின்றார். வயதைச் சொல்லி முதலில் மறுத்தார்கள். விடவில்லை. 1915-ல் ராயல் ஃப்யூசிலியர்ஸின் 25-வது பட்டாலியனோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். பாதி வயதுப் பையன்கள் காய்ச்சலில் விழ, இவர் நடந்துகொண்டே இருந்தார்.

1917 ஜனவரி 4. ருஃபிஜி ஆற்றுப் பக்கம் பெஹோ பெஹோ என்ற இடத்தில் ஜெர்மன் படையோடு மோதல். எதிரி எங்கே என்று பார்க்கத் தலையை உயர்த்தியபோது மறைந்திருந்து சுட்ட ஒருவரின் குண்டு பட்டது. அங்கேயே இறந்தார். வயது 65. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1918-ல் அதே ஜனவரி 4 அன்று, விமானப் படையில் இருந்த அவர் மூத்த மகனும் போரில் இறந்தார்.

செலூஸை அந்தக் காட்டிலேயே ஒரு புளியமரத்தடியில் புதைத்தார்கள். 1922-ல் அந்தப் பகுதிக் காப்பகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2019-ல் அதில் பெரும் பகுதியைப் பிரித்து நியெரெரே தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தக் காட்டில் இன்னும் யானைகள் திரிகின்றன.