17 வயதில் பேப் ரூத்தைத் திணறடித்த எய்ஜி சவாமுரா

ஜப்பானில் சிறந்த பேஸ்பால் பந்து வீச்சாளருக்கு ஒரு விருது வழங்கப்படுகிறது. அந்த விருது எய்ஜி சவாமுராவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விளையாட வேண்டும் என்பதே பள்ளி நாள்களில் அவருடைய கனவு. அது கடைசி வரை நிறைவேறவில்லை.

1917 பிப்ரவரி 1-ஆம் தேதி, இன்று இசே என்றழைக்கப்படும் ஊரில் சவாமுரா பிறந்தார். கியோட்டோ வணிகப் பள்ளியின் பந்து வீச்சாளராக, பள்ளி அணிகள் மோதும் புகழ்பெற்ற கோஷியென் போட்டிகளில் கலந்துகொண்டார். இடது காலை வானை நோக்கி உயரத் தூக்கி, வலக்கையால் வேகமாக எறிவது அவருடைய பாணி. அந்தக் காலத்தில் ஜப்பானியப் பேஸ்பாலின் உச்சம் பல்கலைக்கழக ஆட்டங்கள்தாம். தொழில்முறை லீக் அப்போது தொடங்கியிருக்கவில்லை.

1934-இல் பேப் ரூத், லூ கெரிக் உள்ளிட்ட அமெரிக்க நட்சத்திரங்கள் ஜப்பான் வந்தனர். மாணவர்கள் தொழில்முறை அணிகளுடன் விளையாட அரசாங்கம் தடை விதித்திருந்தது. அவர்களை எதிர்கொள்ள வேண்டுமானால் பள்ளியை விட்டாக வேண்டும். படிப்பு முடியச் சில மாதங்களே இருந்த நிலையில் சவாமுரா பள்ளியிலிருந்து விலகினார்.

நவம்பர் 20-ஆம் தேதி, ஷிசுவோகா நகரின் குசனாகி திடலில் கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் ஆகிய நால்வரையும் அடுத்தடுத்து வெளியேற்றினார். நால்வருமே அமெரிக்காவின் முதல்தர ஆட்டக்காரர்கள். பந்து வீசியவருக்கோ 17 வயது! ஏழாவது சுற்றில் கெரிக் அடித்த ஹோம் ரன்னால் ஜப்பான் 0-1 எனத் தோற்றது. மற்ற ஆட்டங்களில் அதே அமெரிக்கர்கள் அவரை நன்றாகவே விளாசினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது அந்த ஒரு நாள்.

அந்த அணியிலிருந்துதான் இன்றைய யோமியுரி ஜயண்ட்ஸ் உருவானது. 1936-இல், எதிரணியை ஒரு முறைகூட முறையாக அடித்து ஓடவிடாமல் ஆட்டத்தை முடித்தார். ஜப்பானியத் தொழில்முறை லீக்கில் அதுவே முதல் முறை. 1937, 1940-ஆம் ஆண்டுகளிலும் அதையே மீண்டும் செய்து காட்டினார்.

பள்ளியை விட்டதற்கான விலை பிறகு தெரிந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 1943 வரை இராணுவச் சேவையை ஒத்திப்போடும் சலுகை இருந்தது. மாணவராக இல்லாத சவாமுராவுக்கு 1938-இலேயே அழைப்பு வந்தது. படையில் பந்தைவிடப் பல மடங்கு கனமான கையெறி குண்டுகளை வீசி வீசித் தோள் பழுதானது. திரும்பி வந்தபோது காலை உயர்த்தி வீசும் பழைய பாணி போய்விட்டது. கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசினார். 1940-இன் சாதனை அந்தத் தோளோடு செய்தது. பிறகு மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். பந்தின் வேகம் முற்றிலும் குறைந்துவிட, 1944-இன் தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அணி அவரை விடுவித்தது.

அதே ஆண்டு மூன்றாவது அழைப்பு வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி, அவர் சென்ற படைக்கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கிழக்குச் சீனக் கடலில் மூழ்கடித்தது. அப்போது அவருக்கு வயது 27.

அவர் அணிந்த 14-ஆம் எண்ணை ஜயண்ட்ஸ் அணி இன்றுவரை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. குசனாகி திடலில் அவருக்கும் பேப் ரூத்துக்கும் சிலைகள் எழுப்பப்பட்டுள்ளன.